பீட்சாவும் பையும் ஊருக்கு ஊர் ஏன் மாறுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறுகளில் வீட்டிலேயே பேக்கிங் வகுப்பு எடுக்கிறேன். பிசைந்த மாவு உப்பும் வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் கேள்விகள் வரும். நேப்பிள்ஸ் பீட்சாவுக்கும் சிகாகோ பீட்சாவுக்கும் என்ன வித்தியாசம் என்பதில் ஆரம்பித்து, மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடுவதுதானே பை (pie), ஷெப்பர்ட்ஸ் பையில் மாவே இல்லையே என்பது வரை கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே பதிலோடு எழுதி வைத்திருக்கிறேன்.

ஓர் ஊர்ப் பீட்சாவை இன்னோர் ஊர்ப் பீட்சாவிலிருந்து பிரித்துக் காட்டுவது எது? மேலே போடும் பொருள்களா?

மேலே போடுவதைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது அடுப்பு. அப்புறம் தட்டு. அதற்குப் பிறகு மாவு.

நம் வீட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. அரைத்த மாவு ஒன்றுதான். இட்லித் தட்டில் ஊற்றி ஆவியில் வைத்தால் இட்லி, கல்லில் ஊற்றித் தேய்த்தால் தோசை, குழிக்கல்லில் விட்டால் பணியாரம். பாத்திரமும் சூடும் மாறியதும் பண்டமே வேறாகிவிட்டது. பீட்சாவிலும் நடந்தது இதுதான். ஓர் ஊரில் விறகு அடுப்பு, இன்னோர் ஊரில் நிலக்கரி அடுப்பு, வேறோர் ஊரில் தொழிற்சாலையிலிருந்து வந்த இரும்புத் தட்டு. அந்தந்த ஊர்க்காரர்கள் கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள், அதுவே அந்த ஊர் வகையாக நிலைத்தது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலும் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

நேப்பிள்ஸ் பீட்சா என்று சொல்ல என்னென்ன இருக்க வேண்டும்?

இதற்கென்றே 1984-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், இந்த நான்கைத் தவிர மாவில் எதுவும் சேரக் கூடாது. எண்ணெயும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. உருண்டையைக் கையால்தான் விரிக்க வேண்டும், கட்டை வைத்துத் தேய்க்கக் கூடாது. விரித்த பீட்சா 35 செ.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. நடுப்பகுதி அரை செ.மீ. கனம்கூட இருக்காது, ஓரம் மட்டும் 1 முதல் 2 செ.மீ. வரை உப்பி நிற்கும்.

கையால் விரிப்பதை அவர்கள் வீம்புக்குச் சொல்லவில்லை. புளித்த மாவுக்குள் காற்று இருக்கிறது. விரல் நுனியால் நடுவிலிருந்து அழுத்திக்கொண்டே போனால் அந்தக் காற்று ஓரத்துக்கு ஒதுங்கும். அடுப்பில் வைத்ததும் ஓரம் ஊதிக்கொண்டு எழும்புவது அதனால்தான். சப்பாத்திக் கட்டையால் உருட்டினால் காற்று மொத்தமும் வெளியேறிவிடும்.

அடுப்பின் சூடு 430 முதல் 485 டிகிரி செல்சியஸ். வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி, அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் சிறுத்தைப் புள்ளி போலக் கருப்புத் திட்டுகள் விழும், உள்ளே மாவு இளநுங்கு போல மெத்தென்று இருக்கும். நடுப்பகுதி ஈரமாக, சாறோடுதான் வரும். வேகவில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். தெருவில் நின்று சாப்பிடுகிறவர்கள் நான்காக மடித்துக் கையில் பிடித்துக்கொள்வார்கள்.

2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த முறைக்குப் பாரம்பரிய உணவு என்ற பாதுகாப்பைக் கொடுத்தது. 2017-ல் நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் கைத்தொழிலை யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. யுனெஸ்கோ சேர்த்தது பீட்சாவை அல்ல, அதைச் செய்கிற கலையை. எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம்.

அதை வீட்டு ஓடிஜியில் (சின்ன மின்சார அவன்) செய்ய முடியுமா?

முடியாது என்றுதான் நேராகச் சொல்வேன். ஓடிஜி அதிகம் போனால் 250 டிகிரி. 90 விநாடியில் வேக வேண்டியது அங்கே எட்டு, பத்து நிமிடம் எடுக்கும். அத்தனை நேரம் சூட்டில் கிடந்தால் மாவில் உள்ள தண்ணீர் வற்றிப்போகும். முதல் வருடம் நான் சங்கத்து அளவுகளை அப்படியே எடுத்து நாலு தடவை செய்தேன். நாலு தடவையும் வெளுத்துப் போன, கடிக்க முடியாத ரொட்டிதான் வந்தது. மாவில் குறை இல்லை, அடுப்புக்கும் மாவுக்கும் பொருந்தவில்லை.

குறைந்த சூட்டில் நிறம் வர மாவில் கொஞ்சம் சர்க்கரையும், காயாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெயும் வேண்டும். நியூயார்க் மாவில் பொதுவாக அவை இருக்கும். அதனால் வீட்டில் தொடங்குகிறவர்கள் நியூயார்க் வகையோ, தட்டில் வைத்துச் சுடும் டெட்ராய்ட் வகையோ செய்யுங்கள். டெட்ராய்ட் அளவுகள் கீழே இருக்கின்றன.

மார்கரீட்டா பீட்சா ஓர் அரசியின் பெயரில் வந்ததாமே, உண்மையா?

1889-ல் இத்தாலிய அரசி மார்கரீட்டா நேப்பிள்ஸ் வந்திருந்தபோது ரஃபேயெல் எஸ்போசித்தோ என்ற பீட்சாக்காரர் மூன்று வகை செய்து கொடுத்தார் என்றும், சிவப்புத் தக்காளி, வெள்ளை மொசரெல்லா, பச்சை பேசில் சேர்ந்து நாட்டுக்கொடி நிறத்தில் இருந்த வகை அரசிக்குப் பிடித்துப்போய் அவர் பெயரே அமைந்தது என்றும் சொல்வார்கள். அந்தச் சேர்க்கை அதற்கு முன்பே நேப்பிள்ஸில் இருந்தது. ஆதாரமாகக் காட்டப்படும் அரண்மனைக் கடிதத்தின் மீதும் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. கதையாகச் சொல்லுங்கள், வரலாறாகச் சொல்ல வேண்டாம்.

பேசில் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு: நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையும் அதே செடியினம்தான். மணம் இன்னும் தூக்கலாக இருக்கும், பாதி அளவு போதும்.

மரினாரா பீட்சாவில் மீன் இருக்குமா?

இருக்காது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். சீஸ்கூடக் கிடையாது. பெயரில்தான் கடல் இருக்கிறது. ஒரு கடை எப்படி என்று தெரிந்துகொள்ள நான் முதலில் கேட்பது இதைத்தான். மறைக்கச் சீஸ் இல்லாததால் மாவும் தக்காளியும் எப்படி என்று உடனே தெரிந்துவிடும்.

இத்தாலி முழுக்க ஒரே மாதிரி பீட்சாதானா?

இல்லவே இல்லை. ரோமில் வட்டப் பீட்சா அப்பளம் போல மெல்லியதாக, கடித்தால் நொறுங்கும்படி இருக்கும். அங்கே கட்டை வைத்துத் தேய்ப்பது வழக்கம். இன்னொரு ரோம் வகை நீளத் தட்டில் சுட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டு விற்பது. எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் போதும். சிசிலியின் பலேர்மோவில் ஸ்ஃபின்ச்சோனே என்று ஒன்று உண்டு. பஞ்சு போன்ற தடித்த ரொட்டி, வதக்கிய வெங்காயம், நெத்திலி, மேலே ரொட்டித் தூள். மொசரெல்லா பார்க்கவே முடியாது.

ஒரு சின்னச் செய்தி. நெத்திலி போட்ட பீட்சாவை ரோமில் 'நாப்போலித்தானா' என்பார்கள், அதையே நேப்பிள்ஸில் 'ரொமானா' என்பார்கள். ஒவ்வோர் ஊரும் அதை அடுத்த ஊர் மேல் ஏற்றிவிட்டது.

இத்தாலியில் பெப்பரோனி கேட்டால் என்ன வரும்?

குடைமிளகாய் வரும். இத்தாலிய மொழியில் பெப்பெரோனி என்றால் அதுதான். இறைச்சித் துண்டாக நாம் நினைக்கும் பெப்பரோனி அமெரிக்காவில் உருவானது.

நியூயார்க் பீட்சாவை ஏன் மடித்துச் சாப்பிடுகிறார்கள்?

அளவு பெரியது, கனம் குறைவு. முழுப் பீட்சா 18 அங்குலம், அதாவது 45 செ.மீ. வரை இருக்கும். எட்டாக வெட்டிய துண்டு உள்ளங்கையைத் தாண்டித் தொங்கும். நீளவாக்கில் மடித்தால் விறைத்து நிற்கும். ஒரு தாளை நடுவில் லேசாக வளைத்துப் பிடித்தால் நுனி தொங்காது, அதே விஷயம்தான்.

அங்கேயும் கதை அடுப்பில்தான் தொடங்குகிறது. மன்ஹாட்டனில் லொம்பார்டீஸ் கடை 1905-ல் தொடங்கியதைத்தான் பொதுவாக ஆரம்பமாகச் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பேக்கரி அடுப்புகள் நிலக்கரியில் எரிந்தன. நகரத்தில் விறகைவிட நிலக்கரி சுலபமாகக் கிடைத்தது, இடமும் குறைவாக அடைத்தது. அந்தச் சூட்டில் பீட்சாவின் அடி கருகலோடு மொறுமொறுப்பாக வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கேஸ் அவன்கள் பரவின. அவை சூடு குறைந்தவை, கையாளச் சுலபமானவை. பீட்சா கூடுதல் நேரம் உள்ளே இருந்தது. ஈரமான புது மொசரெல்லா அத்தனை நேரத்தில் தண்ணீர் விட்டுவிடும் என்பதால் ஈரம் குறைந்த மொசரெல்லாவுக்கு மாறினார்கள். துண்டு துண்டாக விற்று, கேட்டதும் மறுபடி சூடு பண்ணிக் கொடுக்கும் வழக்கமும் இந்த அவன்களோடு வளர்ந்தது. இன்று நாம் நியூயார்க் பீட்சா என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கேஸ் அவன் பீட்சாவைத்தான்.

நியூ ஹேவன் என்று ஒரு வகை சொல்கிறார்களே?

கனெடிகட் மாநிலத்து ஊர். நியூயார்க்கிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம், ஆனால் பீட்சா வேறு. அங்கே பீட்சாவை 'அபீட்ஸ்' என்று உச்சரிப்பார்கள், நேப்பிள்ஸ் பேச்சு வழக்கிலிருந்து வந்தது. ஃபிராங்க் பெப்பே 1925-ல் வூஸ்டர் தெருவில் கடை போட்டார். நிலக்கரி அடுப்பு இன்றும் எரிகிறது. பீட்சா ஒழுங்கான வட்டமாக இருக்காது, ஓரம் நன்றாகக் கருகியிருக்கும். அது கைத்தவறு இல்லை, அந்த ஊர்க்காரர்கள் கேட்பதே அதைத்தான்.

இங்கே 'பிளெயின்' என்று சொன்னால் மொசரெல்லா வராது. தக்காளி, கொஞ்சம் துருவிய கெட்டிச் சீஸ் மட்டும் வரும். மொசரெல்லா வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரின் பெருமை வெள்ளை மட்டிப் பீட்சா: தக்காளி இல்லாமல் மட்டிச் சதை, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், துருவிய சீஸ். கடலோர ஊர் என்பது அந்தத் தட்டில் தெரியும்.

சிகாகோ டீப் டிஷ்ஷில் தக்காளி மேலே, சீஸ் கீழே இருக்கிறதே, ஏன்?

நேரம்தான் காரணம். ஆழமான வட்டத் தட்டில் மாவைச் சுவர் போல ஓரத்தில் ஏற்றி அழுத்துவார்கள். அதற்குள் மொசரெல்லா, அதன்மேல் சாசேஜ், எல்லாவற்றுக்கும் மேலே கெட்டியான தக்காளி. வேக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சீஸ் மேலே இருந்தால் அதற்குள் கருகிப்போகும். தக்காளி அதற்குப் போர்வையாக இருக்கிறது.

1943-ல் பிட்சேரியா ஊனோ என்ற கடையில் இது தொடங்கியது. கடை ஐக் செவல், ரிக் ரிக்கார்டோ இருவருடையது, செய்முறை யாருடையது என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. ஆனால் சிகாகோவில் வளர்ந்தவர்கள் வாரநாளில் சாப்பிடுவது பெரும்பாலும் டேவர்ன் வகை: மெல்லியதாகத் தேய்த்து, வட்டப் பீட்சாவைக் கட்டம் கட்டமாக வெட்டியது. மதுக்கூடங்களில் குடிக்க வந்தவர்களுக்குத் தட்டு இல்லாமல் ஒரு காகிதத்தில் வைத்துக் கொடுக்கச் சின்னத் துண்டுதான் வசதி. டீப் டிஷ் விருந்தாளி வந்தால் கூட்டிப்போய்க் காட்டுவது.

டெட்ராய்ட் வகையை வீட்டில் எப்படிச் செய்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வகுப்பில் முதல் பாடமே இதுதான், ஏனென்றால் ஓடிஜிக்கு இதைவிடப் பொருத்தமான பீட்சா எனக்குத் தெரியாது.

டெட்ராய்ட் கார் ஊர். 1946-ல் பட்டீஸ் என்ற கடையில் சிசிலி முறைத் தடித்த மாவை நீலச்சாயல் கொண்ட செவ்வக இரும்புத் தட்டுகளில் சுட்டார்கள். கார் தொழிற்சாலைகளில் சின்ன உதிரி பாகங்கள் போட்டு வைக்கப் பயன்பட்ட தட்டு அது என்பார்கள். கனமான தட்டு, நல்ல சூடு பிடிக்கும். விஸ்கான்சினில் செய்யப்படும் பிரிக் சீஸைத் தட்டின் ஓரம் வரை தள்ளிவிட்டார்கள். சீஸ் உருகி, மாவுக்கும் இரும்புக்கும் நடுவே இறங்கி, பொரிந்து, பழுப்பு நிற வேலியாக நின்றது. இந்த வகையின் உயிரே அந்த வேலிதான்.

9 அங்குலச் சதுர கேக் தட்டுக்கு: மைதா 200 கிராம், தண்ணீர் 140 மில்லி, உப்பு 4 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம். கையில் ஒட்டும் மாவாகத்தான் இருக்கும். மேற்கொண்டு மைதா தூவாதீர்கள், கையை நனைத்துக்கொண்டு மடியுங்கள். ஒரு மணி நேரம் மூடி வையுங்கள், நம் ஊர் வெயிலில் முக்கால் மணியே போதும். தட்டில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி மாவை அதில் வைத்து விரல் நுனியால் பரப்புங்கள். மூலைக்கு வராமல் சுருங்கிக்கொண்டே போகும். மல்லுக்கட்டாமல் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பரப்பினால் தானாக வரும். இன்னும் அரை மணி நேரம் உப்ப விடுங்கள்.

மொசரெல்லா 150 கிராம், செடார் 50 கிராம். பிரிக் சீஸ் இங்கே கிடைப்பது அரிது, இந்தக் கலவை அதன் வேலையை நன்றாகவே செய்யும். துருவாமல் சின்னக் கட்டங்களாக நறுக்குங்கள். ஓரத்தில் தட்டைத் தொடும்படி முதலில் வரிசையாக அடுக்கி, அப்புறம் நடுவில் போடுங்கள். சாஸை மேலே இரண்டு கோடாக மட்டும் ஊற்றுங்கள். 250 டிகிரியில், கீழ்த்தட்டில், 13 முதல் 15 நிமிடம்.

எடுத்ததும் சீஸ் தட்டோரத்தில் சிறுசாகப் பொரிகிற சத்தம் கேட்கும். அது அடங்க இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு மெல்லிய கத்தியை ஓரம் முழுக்க ஒரு சுற்று விட்டு, தோசைக்கரண்டியால் மூலையைத் தூக்கினால் மொத்தமும் கிளம்பி வரும். நெய் ரோஸ்ட் ஓரம் கிளம்பும்போது வருமே ஒரு மணம், அதற்குப் பக்கத்தில் இருக்கும். மூலைத் துண்டுக்கு என் வகுப்பில் எப்போதும் போட்டிதான்.

அன்னாசிப் பீட்சா ஹவாயில் பிறந்ததா?

கனடாவில். 1962-ல் ஒன்டாரியோவின் சாத்தம் ஊரில் சாம் பனோபுலோஸ் என்ற கிரேக்க வம்சாவளிக் கடைக்காரர் செய்தது. ஹவாயன் என்பது பெயர் மட்டும்.

அமெரிக்கா, இத்தாலி தவிர வேறு எங்கே நல்ல ஊர் வகைகள் இருக்கின்றன?

புவெனஸ் ஐரிஸைத்தான் முதலில் சொல்வேன். அர்ஜென்டினாவுக்குப் போனவர்களில் ஜெனோவா பக்கத்து இத்தாலியர்கள் நிறைய. அவர்களுடைய ஃபுகாசெத்தாவில் தக்காளி கிடையாது, தடித்த மாவு, ஏராளமான சீஸ், மேலே குவித்த வெங்காயம். கூடவே ஃபைனா என்று ஒரு துண்டு தருவார்கள். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரும் எண்ணெயும் விட்டுக் கரைத்துத் தட்டில் ஊற்றிச் சுட்டது. அதைப் பீட்சாவின் மேலேயே வைத்து ஒன்றாகக் கடிப்பார்கள். நம் கடலை மாவு தோசை தெரிந்தவர்களுக்கு அந்த ருசி புதிதாக இருக்காது.

பீட்சாவையும் 'பை' என்கிறார்களே, ஏன்?

அமெரிக்காவில் இத்தாலியர் அல்லாதவர்களுக்கு இதை விளக்க அன்று கையில் இருந்த சொல் பைதான். மாவு அடியில், மேலே ஏதோ பொருள், சுட்டு, முக்கோணமாக வெட்டுவது, எல்லாம் ஒத்துப்போனது. நியூ ஜெர்சியின் டிரென்டனில் இன்றும் 'தக்காளிப் பை' என்ற பெயரே வழக்கத்தில் இருக்கிறது. அங்கே சீஸை முதலில் போட்டுத் தக்காளியைக் கடைசியில் போடுவார்கள். ஃபிலடெல்ஃபியாவில் அதே பெயருக்கு வேறு பண்டம்: பேக்கரியில் விற்கும் தடித்த செவ்வக ரொட்டி, மேலே கெட்டித் தக்காளி, ஆறிப்போன பிறகு சாப்பிடுவது.

தமிழில் பை என்றால் எதையாவது உள்ளே போட்டு எடுத்துப் போவது. ஒலி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் அடுத்த பதிலைப் படித்தால் அந்தப் பொருளும் பொருந்துவது தெரியும்.

கார்னிஷ் பாஸ்டி என்பது நம் சோமாசு மாதிரியா?

உருவத்தில் ஆமாம். அரைவட்டமாக மடித்து ஓரத்தைக் கயிறு போல முறுக்கி மூடுவது. பொரிக்காமல் அவனில் சுடுவார்கள். உள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ஸ்வீடு (swede) என்ற மஞ்சள் கிழங்கு, வெங்காயம், உப்பு, மிளகு. எல்லாவற்றையும் பச்சையாகவே வைத்து மூட வேண்டும், வதக்கி வைப்பது முறை இல்லை. வேகும்போது இறங்கும் சாறு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக் குழம்பாகிவிடும். 2011-ல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. முறுக்கு பக்கவாட்டில் இருக்க வேண்டும், கார்ன்வாலில் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெயர் போட முடியாது.

கார்ன்வால் வெள்ளீயச் சுரங்க ஊர். காலையில் இறங்கினால் மாலையில்தான் ஏறுவார்கள். தட்டு, கரண்டி எதுவும் வேண்டாத சாப்பாடு தேவைப்பட்டது. கையில் நஞ்சுத் தூசி இருப்பதால் முறுக்கைப் பிடித்துத் தின்றுவிட்டு அதைத் தூக்கி எறிவார்கள் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் வரும். பழைய புகைப்படங்களில் சுரங்கத் தொழிலாளர்கள் துணியிலோ காகிதத்திலோ சுற்றிப் பிடித்துக்கொண்டு தின்கிறார்கள். பசித்த மனிதன் கால்வாசியை எறிந்திருப்பான் என்பதை நானும் நம்பவில்லை.

அந்தத் தொழிலாளர்கள் போன இடமெல்லாம் பாஸ்டியும் போனது. தென் ஆஸ்திரேலியாவின் மூன்டா, அமெரிக்காவின் மிச்சிகன் வடக்குப் பகுதி, எல்லாம் சுரங்க ஊர்கள். 1820-களில் மெக்சிகோவின் இடால்கோ வெள்ளிச் சுரங்கங்களுக்குப் போனவர்கள் ரியல் டெல் மோன்டேயில் அதைச் செய்தார்கள். இன்று அங்கே 'பாஸ்தே' என்ற பெயரில் மிளகாய் சேர்த்த உருளையும் இறைச்சியும், மோலே குழம்பு வைத்ததும், இனிப்பு வைத்ததும் கிடைக்கின்றன. கூலிக்குப் போன ஒரு கூட்டத்தின் மதியச் சாப்பாடு இருநூறு வருடமாக இன்னொரு நாட்டின் தெருவில் உயிரோடு இருக்கிறது. இந்தப் பகுதியைச் சொல்லும்போதெல்லாம் மலேயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போன நம் ஆட்கள் என் நினைவுக்கு வருவார்கள்.

பன்றி இறைச்சிப் பை தட்டே இல்லாமல் எப்படி நிற்கிறது?

கொழுக்கட்டைக்குக் கொதிக்கும் நீர் விட்டுக் கிளறுவோமே, கிட்டத்தட்ட அந்த உத்தி. கொழுப்பையும் தண்ணீரையும் கொதிக்க வைத்து மைதாவில் ஊற்றிப் பிசைகிறார்கள். மாவுச்சத்து அப்போதே பாதி வெந்துவிடுவதால் களிமண் போல வளையும், ஆறியதும் விறைக்கும். இங்கிலாந்தின் மெல்ட்டன் மௌப்ரே ஊர்ப் பையை வளையம் இல்லாமலே சுடுவதால் பக்கங்கள் லேசாகத் தொந்தி தள்ளியிருக்கும். அசலை அடையாளம் காண அது ஒரு வழி.

ஷெப்பர்ட்ஸ் பையில் மாவே இல்லையே, அது எப்படிப் பை?

மசித்த உருளைக்கிழங்குதான் அங்கே மூடி. மூடி போட்டுச் சுட்டால் பை என்பது பிரிட்டிஷ் வழக்கம். ஆட்டிறைச்சி என்றால் ஷெப்பர்ட்ஸ், மாட்டிறைச்சி என்றால் காட்டேஜ்.

உப்பும் இனிப்பும் ஒன்றாக இருக்கும் பை உண்டா?

மொராக்கோவின் பஸ்தில்லா. காகிதம் போன்ற மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே மசாலாவில் வெந்த புறா அல்லது கோழி, முட்டை, வறுத்த பாதாம். மேலே பொடித்த சர்க்கரையும் பட்டைத் தூளும். ஃபெஸ் நகரம் இதற்குப் பெயர் போனது. இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் மின்ஸ் பையிலும் முன்பு உண்மையான இறைச்சி இருந்தது. இன்று உலர்பழமும் மசாலாவும்தான், ஆனால் பெயர் 'மின்ஸ்மீட்' என்றே நிற்கிறது, சிலவற்றில் மாட்டுக் கொழுப்பும் இருக்கும்.

அமெரிக்க இனிப்புப் பைகளில் எதை முதலில் செய்து பார்க்கலாம்?

ஆப்பிளும் பூசணியும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நெருக்கமானவை, குளிர்காலக் கடைசியில் பழம் எல்லாம் தீர்ந்த பிறகு செய்த பைகள். இந்தியானாவின் சர்க்கரைப் பாலாடைப் பை, தெற்கு மாநிலங்களின் மோர்ப் பை, பென்சில்வேனியாவின் கரும்புப்பாகு ஊற்றிய ஷூஃப்ளை பை, எலுமிச்சை கிடைக்காதபோது புளிப்புக்கு வினிகர் விட்ட பை. அரிசிப் பானையில் இருப்பதை வைத்துப் பலகாரம் செய்துவிடும் பாட்டிகள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் முதலில் செய்ய வேண்டியது கீ லைம் பை. ஃபுளோரிடாவின் தெற்கு முனையில் உள்ள கீஸ் தீவுகளின் பண்டம், 2006 முதல் அந்த மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பை. தீவுகளில் புதுப் பாலும் ஐஸும் கிடைப்பது கஷ்டமாக இருந்த காலத்தில் டப்பாவில் அடைத்த கண்டென்ஸ்டு மில்க்தான் கை கொடுத்தது. அங்கே விளையும் கீ லைம் சின்னது, தோல் மெல்லியது, பழுத்தால் மஞ்சள். வேறு ஏதோ அபூர்வப் பழம் இல்லை, நம் வீட்டு எலுமிச்சையின் இனமேதான். அமெரிக்காவில் தேடி அலைகிறவர்கள் இருக்க, நம் தெருமுனைக் கடையில் அது கூறு கட்டி விற்கிறது.

மேரி அல்லது டைஜஸ்டிவ் பிஸ்கட் 160 கிராம் பொடித்து, உருக்கிய வெண்ணெய் 75 கிராம் கலந்து தட்டில் அழுத்துங்கள். 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க், நாலு மஞ்சள் கரு, அரை கப் எலுமிச்சைச் சாறு, இரண்டு பழத்தின் தோல் துருவல். சாறு விட்டுக் கலக்கும்போதே புளிப்புப் பட்டுக் கலவை இறுகத் தொடங்குவதைக் கரண்டியில் உணர்வீர்கள். 170 டிகிரியில் 15 நிமிடம், பிறகு ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம். பச்சை நிறம் சேர்க்காதீர்கள், அசல் வெளிர் மஞ்சள்தான்.

என் பையின் மாவு கல் மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்ய?

வெண்ணெய் உருகிவிட்டது. வெண்ணெய் சின்னத் துணுக்குகளாக மாவுக்குள் இருந்தால்தான் அடுப்பில் உருகி இடம் விட்டு ஏடு ஏடாகப் பிரியும். நம் சமையலறை 33 டிகிரியில் இருக்கும்போது கைச்சூடே அதை உருக்கிவிடும். வெண்ணெயை ஃப்ரீசரில் கல்லாக்கி, கேரட் துருவியில் நேராக மைதாவுக்குள் துருவிவிடுங்கள். ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையக் கூடாது. அடி நமத்துப் போகிறது என்றால், மாவின் மேல் பட்டர் பேப்பர் விரித்து காய்ந்த கொண்டைக்கடலையை நிரப்பி 15 நிமிடம் வெறுமனே சுட்டுவிட்டு அப்புறம் பூரணம் வையுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

வெளிநாட்டில் என்றால் பார்மிஜானோ சீஸ். அதன் விதிப்படி பாலைத் திரிய வைக்க, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் கட்டாயம். பையின் மேல்மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இங்கே வாங்கும் மொசரெல்லாவில் பச்சைப் புள்ளி இருந்தால் கவலை இல்லை.

மிச்சமான பீட்சாவை எப்படிச் சூடு பண்ணுவது?

மைக்ரோவேவ் வேண்டாம், மாவு ரப்பராகிவிடும். தோசைக்கல்லைச் சிறு தீயில் சூடாக்கி, எண்ணெய் விடாமல் துண்டை வையுங்கள். இரண்டு நிமிடத்தில் அடி மொறுமொறுக்கும். அப்போது கல்லின் ஓரத்தில், பீட்சா மேல் படாமல், நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு உடனே மூடி போடுங்கள். அந்த ஆவியில் சீஸ் ஒரு நிமிடத்தில் இளகிவிடும்.